அப்பா போகிற ஊர்

பெங்களூரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதித் தரச் சொன்னேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மருமகள் ஒரு பக்கம் முழுக்க எழுதி, மறுபக்கத்திலும் தொடர்ந்தாள். நான்காம் வகுப்பு மருமகன் ஐந்து நிமிஷம் பென்சிலைக் கடித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினான்: 'அப்பா நிக்கிற பில்டிங்.'

மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்தார். "அங்க என்னடா இருக்கு பாக்கறதுக்கு?" என்று சிரித்தபடியே பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது நடந்தது சென்ற தசரா விடுமுறையில், பூதிகோட்டையில். கோலார் தங்கவயல் தெரிந்தவர்களுக்குக்கூட இந்த ஊர் அவ்வளவாகத் தெரியாது. பங்காருப்பேட்டை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். பாறைக் குன்று, அதன் மேல் இடிந்த கோட்டைச் சுவர், கோயில்கள், பக்கத்தில் மார்க்கண்டேய அணை. கடைத்தெருவில் நின்றால் பத்து நிமிஷத்துக்குள் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் காதில் விழும். ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஹைதர் அலி பிறந்த இடம் இது. 1720ஐ ஒட்டி, சிரா நவாபின் கீழ் இங்கே ஃபௌஜ்தாராக இருந்த ஃபதே முகம்மதுவின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பிள்ளைகள் ஹைதரைப் பற்றிப் பேசும்போது மைசூர் ராஜ்ஜியத்தை ஆண்டவரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்காது. இரண்டு தெரு தள்ளி இருந்து, நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த பையனைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

என் தங்கையின் மாமனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, மனைவியின் ஊரான பூதிகோட்டைக்குக் குடிவந்துவிட்டார். மகன், அதாவது என் மாப்பிள்ளை, பெங்களூரின் கிழக்குக் கோடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி. காலை நாலரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து ரயில். திரும்பி வர இரவு ஒன்பதரை, பத்து. தங்கவயலிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய் வருகிறார்கள். சுரங்கம் இருந்த காலத்தில் ஊரை எழுப்பியது சங்கு. இப்போது எழுப்புவது ரயில். பிள்ளைகள் எழும்போது அப்பா இல்லை, தூங்கிய பிறகுதான் வருகிறார். பெங்களூர் என்றால் அவர்களுக்கு அப்பா போகிற ஊர். எழுபது கிலோமீட்டரில் இருக்கும் ஊரை மூத்தவள் பன்னிரண்டு வயதுக்குள் பார்த்தது இரண்டு முறை. இரண்டும் ஆஸ்பத்திரிக்காக.

அதனால்தான் இந்தப் பயணம். இரண்டு நாள், ஒரு இரவு. ஞாயிறு அவருக்கு வார விடுமுறை. சனிக்கிழமை லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போகும். திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய செலவே அதுதான் என்றாள் தங்கை. எழுதினோம்.

பிள்ளைகளோடு ஊர் சுற்றுவதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு, பெருமைப்படும்படியானது இல்லை. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒரே நாளில் ஒன்பது இடம் காட்டினேன். வேன் வைத்து, நேரம் குறித்து, விசில் ஊதாத குறையாக. பல வருஷம் கழித்து அதில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவனுக்குப் பறந்துபோன பலூன். இன்னொருத்திக்கு வேனில் வாந்தி எடுத்தது. ஒன்பது இடத்தில் ஒன்றுகூட இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் ஓர் இடத்தில் நுழைந்ததும் முதல் அரைமணி நேரம் தின்பண்டம் எங்கே, பாத்ரூம் எங்கே என்றுதான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும். அந்த நேரத்தில் நாம் "சரி, கிளம்பு" என்போம்.

ஆகவே இம்முறை ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் இல்லை என்று முடிவு. மூன்றாவது தானாக அமைந்தால் சரி. இடங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது 'ஷியோரி' என்று ஒரு சின்னக் கையேடு இருக்கும். எத்தனை மணிக்கு எங்கே, என்ன கொண்டுவர வேண்டும், அந்த ஊரைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல பள்ளிகளில் பிள்ளைகளே அதில் கை வைப்பார்கள். மருமகளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து அதைச் சொன்னேன். அன்று மாலையே அட்டையில் பூ வரைந்து, 'பெங்களூரு பயணம்' என்று கன்னடத்தில் எழுதிவிட்டாள். பயண அதிகாரி யார் என்பதில் அதன் பிறகு சந்தேகமே இல்லை.

பட்டியலை வடிகட்டியது கிழமைதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம். நேரு கோளரங்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். புலி பார்க்க வேண்டும் என்று பையனுக்கு லேசாக ஆசை இருந்தது. ஆனால் பன்னேர்கட்டா போய்வர ஒரு முழுநாள் வேண்டும்; அதோடு தாத்தாவும் வருகிறார்.

தாத்தாவை அழைத்துப் போவதா வேண்டாமா என்று வீட்டில் ரகசியமாக ஒரு விவாதம் நடந்தது. நாலடி வேகமாக நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். சுரங்கத் தூசி நுரையீரலில் விட்டுவிட்டுப் போன சீதனம். "நான் வரல, நீங்க போங்க" என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் மறுநாள் காலையில் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தார். பேத்தி நோட்டில் 'தாத்தா உட்கார இடம்' என்று ஒவ்வோர் இடத்துக்கும் எதிரில் ஒரு கட்டம் போட்டாள். பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத விஷயம் அது.

சனிக்கிழமை கிளம்பினோம். அதிகாலை ரயிலைத் தவிர்த்தோம். அதில் ஏறுகிறவர்களுக்கு அது பயணமில்லை, பிழைப்பு. அவர்கள் இடத்தை நாம் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று மாப்பிள்ளையே சொன்னார். கொஞ்சம் தாமதமாக வரும் வண்டியில் ஜன்னல் கிடைத்தது. முன்பதிவில்லாத வண்டியில் 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட். மருமகளுக்கு அதுவே கடைசி வருஷம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. தங்கை பை நிறையப் புளிசாதமும் இரண்டு லிட்டர் தண்ணீரும், மழைக்கு இரண்டு குடையும் எடுத்திருந்தாள். அக்டோபரில் பெங்களூர் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் குடையை மறக்கக் கூடாது.

ஒயிட்ஃபீல்டில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினோம். 2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்ட் பக்கம் மெட்ரோ வந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் பாதை முழுமையாக இணைந்ததும் கோலார் பக்கத்து மக்களுக்குப் பெரிய வரம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மெட்ரோ. அங்கிருந்து மெஜஸ்டிக் வரை ஒரே வண்டி. மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறினால் லால்பாக் வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. பெயர்ப்பலகைக் கன்னடம் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்; கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் எனக்குப் படித்துச் சொன்னார்கள். வழிகாட்டியாகப் போனவன் மாணவனாகிவிட்டேன்.

உயரப் பாலத்தில் போகும் அந்த முதல் இருபது நிமிஷம் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள். பையன் மட்டும் ஒரு முறை, "இதாப்பா?" என்றான். மாப்பிள்ளை மறுபக்க ஜன்னலைக் காட்டி, "அங்க பாரு ஏரி" என்றார்.

எம்.ஜி. ரோடு தாண்டியதும் வண்டி தரைக்கடியில் இறங்கியது. ஜன்னல் இருண்டது. பிள்ளைகள் "ஹோ" என்றார்கள். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ ஆழம் இருக்கும்?"

"அறுபது, எழுபது அடி இருக்கும் மாமா," என்றேன்.

"இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்று சிரித்தார். பெட்டியில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போனது. ஒரு காலத்தில் உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். கேஜ் என்கிற கூண்டில் நின்றபடி இறங்குவார்கள். ஒரே மூச்சில் அடிவரை போக முடியாது, வழியில் மாறி மாறி இறங்க வேண்டும். இதையெல்லாம் பேரன் கேட்டுக்கொண்டே வந்தான். மூன்று நிலையம் போனதே தெரியவில்லை. வீட்டில் எத்தனையோ முறை அவர் சொன்ன கதைதான். ஆனால் தரைக்கடியில் வைத்துச் சொன்னபோதுதான் அவனுக்கு அது கதையாக இல்லாமல் போயிற்று.

லால்பாக்கை முதல் இடமாக வைத்ததற்குக் காரணம் ஹைதர். 1760இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர் பூதிகோட்டைக்காரர்தான். சிராவில் இருந்த மொகலாயத் தோட்டத்தைப் பார்த்து அதைப்போல ஒன்று வேண்டும் என்று நினைத்தார் என்பார்கள். அன்று சுமார் 40 ஏக்கர். இன்று 240 ஏக்கர். திப்பு பல நாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்தார். பின்னால் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸின் சாயலில் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும் மலர்க் கண்காட்சி நடக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாட்களில் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பூவைவிட முதுகுகள்தான் அதிகம் தெரியும்.

டிக்கெட் ஜன்னலில் ஒரு சின்னக் காட்சி. மருமகள் எம்பி நின்று, "நாங்க பூதிகோட்டை. இது எங்க ஊர்க்காரர் போட்ட தோட்டம்" என்று கன்னடத்தில் சொன்னாள். சலுகை எதிர்பார்த்தாளா, தகவலுக்குச் சொன்னாளா என்பது இன்றுவரை விளங்கவில்லை. உள்ளே இருந்தவர் சிரித்து, "அப்ப நீங்கதான் ஓனர்" என்றார். டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

கண்ணாடி மாளிகை, பூக்கடிகாரம் எல்லாவற்றையும் அரைமணியில் முடித்துவிட்டார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தியது நான் பட்டியலிலேயே சேர்க்காத ஒன்று: தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் அந்த மொட்டைப் பாறை. சுமார் 300 கோடி ஆண்டு வயது. தேசிய நில இயல் நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டது. மேலே கெம்பேகௌடா பெயரில் ஒரு சின்ன மண்டபக் கோபுரம். பெங்களூர்க்காரர்கள் அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா பாதிச் சரிவில் உட்கார்ந்தார். அதற்கு மேல் முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாறையைக் கையால் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது வேற கல்லு. நம்ம பக்கம் கறுப்பு. கறுப்புக்கு நடுவுல வெள்ளைக்கல்லு நரம்பு மாதிரி ஓடும். அதுலதான் சரக்கு."

சரக்கு என்றால் தங்கம். பிள்ளைகள் கோபுரத்துக்கு ஏறாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். துளை போடுவது, வெடி வைப்பது, வெடித்த பிறகு புகை அடங்கக் காத்திருப்பது, திடீரென்று பாறை தானே வெடிக்கும் 'ராக் பர்ஸ்ட்', அப்போது மேலே ஊரில் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுவது. ஒரு மணி நேரம் ஓடியது. பக்கத்தில் நின்றிருந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், "சினிமால காட்டின கே.ஜி.எஃப்-பா தாத்தா?" என்று கேட்டார்கள். 2018இலும் 2022இலும் வந்த அந்தப் படங்களுக்குப் பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வி. "அதுல சண்டை இருக்கு, வேலை இல்ல" என்றார் அவர்.

மதியச் சாப்பாடு விஷயத்தில் தங்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவள் சமைக்காத சாப்பாடு, அதுவும் அவள் உட்கார்ந்து, வேறு யாராவது பரிமாற வேண்டும். லால்பாக் பிரதான வாசலுக்குப் பக்கத்திலேயே எம்.டி.ஆர். இருக்கிறது. 1924இல் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவை இட்லி அங்கேதான் பிறந்தது என்பார்கள். ஆனால் பிள்ளைகளின் பசிக்கு 1924 தெரியாது. காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நாலு கடை தள்ளி ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்துவிட்டோம். தங்கை இரண்டாவது காபி சொல்லி, அதை ஆறவிட்டு, மெதுவாகக் குடித்தாள். புளிசாதம் ராத்திரிக்குப் பயன்பட்டது.

பிற்பகலில் ஆட்டோ பிடித்து மார்க்கெட் பக்கம். கெம்பேகௌடா 1537இல் கட்டிய மண்கோட்டையில் தொடங்குகிறது பெங்களூர்க் கோட்டையின் கதை. 1761இல் கல்கோட்டையாக மாற்றியவர் மறுபடியும் நம் ஊர்க்காரர். 1791 மார்ச் 21ஆம் தேதி கார்ன்வாலிஸின் படை உடைத்து உள்ளே நுழைந்தது. மிச்சமிருப்பது ஒரு வாசலும் கொஞ்சம் சுவரும்தான். அருகில் திப்புவின் கோடை மாளிகை. தொடங்கியது ஹைதர், 1791இல் முடித்தது மகன். தேக்குத் தூண்களும் வளைவுகளும் அழகு. ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டிருந்தது. இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். வெளியே வந்த பிறகு பையன் கேட்ட கேள்வி மட்டும் நன்றாக இருந்தது: "இவ்ளோ பெருசா கட்டினாரே, பூதிகோட்டைக்கு ஏன் ஒண்ணும் கட்டல?" மாப்பிள்ளை, "வேலைக்கு வெளியூர் போனா அப்படித்தான்டா" என்றார்.

இரவு காந்திநகரில் ஒரு லாட்ஜ். மலிவாக இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லிஃப்டில் ஏழு முறை ஏறி இறங்கினார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது என்பதைப் பிள்ளைகளோடு போகும் எல்லாக் குடும்பமும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை கப்பன் பூங்கா. 1870இல் உருவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வாகனங்களை விடுவதில்லை என்பதால் சாலை முழுக்கப் பிள்ளைகள், சைக்கிள்கள், நாய்கள். தாத்தாவுக்கு ஒவ்வொரு மரத்தடியிலும் பெஞ்சு. அங்கிருந்து கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962இல் நேரு திறந்துவைத்த கட்டடம். பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் இடம்தான் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தொடாதே என்று பலகை வைத்துப் பிள்ளைகளை விரட்டும் இடமில்லை. பொத்தானை அழுத்தலாம், கைப்பிடியைச் சுற்றலாம், உருண்டையை உருட்டலாம். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தின் முழு அளவு மாதிரி இருக்கிறது. எஞ்சின் கூடம் இருக்கிறது. ஓடித் திரிந்தவன் அங்கே போய் நின்றவன் நின்றவன்தான்.

மின்சாரப் பகுதியில் நான் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தபோது அதை முதலில் கொண்டுபோனது தங்கவயலுக்கு. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905இல்தான். மூன்று வருஷம் தங்கவயல் வெளிச்சத்தில் இருந்தது, பெங்களூர் இருட்டில் இருந்தது. மருமகள் இதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். அருகில் நின்ற பெங்களூர்க் குடும்பம் ஒன்றிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

கோளரங்கத்துக்கு நேரமில்லாமல் போனது. எனக்குத்தான் வருத்தம். தங்கவயல் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, 1965இல் டாட்டா ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். வானத்தைப் பார்க்கப் பூமிக்குள் போனவர்கள். அதைக் கோளரங்கத்தில் வைத்துச் சொல்லலாம் என்று தயாரித்து வைத்திருந்தேன். மரத்தடியில் வேர்க்கடலை தின்றபடி சொன்னேன். தாத்தா, "ஆமாமா, அந்த சார்ங்க கீழ வருவாங்க. என்னமோ பெட்டி வெச்சிருந்தாங்க. எங்களுக்குச் சொன்னா புரியாதுன்னு நாங்க கேக்கல" என்றார்.

மாலை நாலு மணிக்குத் திரும்ப மெட்ரோ. ஆறு மணி வாக்கில் ஒயிட்ஃபீல்டில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். எம்.ஜி. ரோடு வந்ததும் வண்டி மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. மருமகள் நோட்டை எடுத்து, பார்த்த இடங்களுக்கு எதிரில் டிக் போட்டாள். பிறகு தம்பியின் பட்டியலை எடுத்தாள். அந்தத் துண்டுக் காகிதத்தை நோட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். "அவன் எழுதினது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மட்டும் டிக் இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என்னைப் பார்த்தாள். இரண்டு நிலையம் போயிற்று. ஒயிட்ஃபீல்டுக்குக் கொஞ்சம் முன்னால், "எறங்குங்க" என்றார்.

நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. நடைபாதை சரியில்லை, தாத்தாவுக்காக மூன்று முறை நின்றோம். கட்டடம் பதினான்கு மாடி. ஞாயிற்றுக்கிழமையாதலால் வாசல் வெறிச்சென்று இருந்தது. காவல் கூண்டில் இருந்தவர், சீருடை இல்லாமல் வந்த மாப்பிள்ளையை முதலில் அடையாளம் தெரியாமல், "யாருங்க வேணும்?" என்று கேட்டார். அப்புறம் எழுந்து நின்று சிரித்தார். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழர். தங்கைக்கு நாற்காலி போட்டார். அவள் அதை மாமனாருக்குத் தள்ளினாள். உள்ளே போகக் கூடாது. வரவேற்பறை வரைக்கும்கூடக் கூடாது. அதை மாப்பிள்ளையே முதலில் சொல்லிவிட்டார்.

"நான் நிக்கிறது இங்கதான்," என்று ஓரிடத்தைக் காட்டினார். சிமெண்டுத் தரை, மேலே ஒரு தகரக் கூரை. கார் வந்தால் தூக்கும் கம்பம், ஒரு நோட்டு, அடிக் கண்ணாடி பொருத்திய தடி. காருக்கு அடியில் அதை விட்டுப் பார்ப்பது எதற்கு என்று மகனுக்குக் காட்டினார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும், நம்பரைப் பார்க்காமலே ஹார்ன் சத்தத்தில் எதைச் சொல்லிவிடலாம், மழை எந்தப் பக்கம் அடிக்கும், வெயில் எத்தனை மணிக்கு மேல் கூரைக்குள் வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கூண்டில் இருந்தவர் பையனைக் கூப்பிட்டுக் கம்பத்தின் பொத்தானைக் காட்டினார். பையன் அழுத்தினான். கம்பம் மெல்ல எழுந்தது. வண்டி எதுவும் இல்லை. மறுபடி அழுத்தி இறக்கினான். மருமகள் நோட்டில் கட்டடத்தை வரைந்து, வாசலில் தகரக் கூரையையும் போட்டாள். மாடிகளை எண்ணிச் சரியாகப் பதினான்கு வரைந்தாள்.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தார். "எத்தனை மணி நேரம் நிக்கறே?"

"பன்னண்டு."

"எங்களுக்கு எட்டு," என்றார் அவர்.

ஆறு மணி ரயில் போய்விட்டது. அடுத்த வண்டியில் ஞாயிறு முடிந்து ஊர் திரும்பும் கூட்டம், உட்கார இடமில்லை. தாத்தாவுக்கு மட்டும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் பைகளின் மேலேயே தூங்கிவிட்டார்கள். திட்டம் போடுகிறவன் என்ற முறையில் என் கணக்கு அந்த இடத்தில் முழுதாகத் தவறியது. வீடு சேர்ந்தபோது இரவு பத்தரை.

திங்கட்கிழமை நாலரைக்கு மாப்பிள்ளை வண்டியை வெளியே தள்ளும் சத்தம் கேட்டு நான் விழித்தேன். பாயில் படுத்திருந்த பையன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஒண்ணாவது கேட்டா, மூணாவதாப்பா?"

"இந்த வாரம் மூணாவது," என்றார் வாசலிலிருந்து. "மழை அடிக்கும் அங்க." உள்ளே வந்து குடையை எடுத்துக்கொண்டு போனார்.